மாதா சபையிலிருந்து மாணவியர் பேரவை வரை

கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளிகளில் கல்வியாண்டின் தொடக்கத்தில் பதவியேற்பு விழா நடைபெறுவதும், பள்ளித் தலைவியும் அணித் தலைவிகளும் மன்றச் செயலர்களும் தோளில் பட்டை அணிந்து உறுதிமொழி எடுப்பதும் இன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலைபெற்ற வழக்கங்கள். இந்த ஏற்பாடு முழுவதும் ஆங்கிலேயரின் விடுதிப் பள்ளிகளிலிருந்து இறக்குமதியானது என்பது பொதுவான எண்ணம். அணி பிரிப்பதற்கும், மூத்த மாணவியரைக் கண்காணிப்பாளராக அமர்த்துவதற்கும் அவ்வெண்ணம் பொருந்தும். ஆனால் மாணவியர் தம்முள் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, வாரந்தோறும் கூடி, நடவடிக்கைக் குறிப்பு எழுதி, காசுக் கணக்கு ஒப்பித்து ஒரு சங்கத்தைத் தாமே நடத்தும் பழக்கம், இந்தப் பள்ளிகளுக்குள் மைதானத்தின் வழியாக வருவதற்கு வெகு காலம் முன்பே கோயிலின் வழியாக வந்து சேர்ந்திருந்தது.

அந்தப் பழக்கத்தின் மூத்த வடிவம் 'சொடாலிட்டி' எனப்பட்ட மரியன்னை பக்திச் சபை. தமிழ்க் கத்தோலிக்கர் அதை மாதா சபை என்றே பெரும்பாலும் அழைத்தனர். 1563-இல் உரோமையில் இயேசு சபையினர் நடத்திய கல்லூரியில், பெல்ஜிய நாட்டவரான ஜான் லெயுனிஸ் என்னும் இளம் ஆசிரியர் சில மாணவரைச் சேர்த்து அதைத் தொடங்கினார். அன்றாடச் செபம், வாரக் கூட்டம், நோயாளியரையும் ஏழையரையும் சந்தித்தல் ஆகியவை உறுப்பினரின் கடமைகள். சபைக்குத் தலைவராக 'பிரிஃபெக்ட்' எனும் மாணவர் ஒருவரும், அவருக்குத் துணைவர் இருவரும், செயலரும், பொருளரும், ஆலோசகர் சிலரும் இருந்தனர். இவர்களுக்கு மேலே நெறியாளராக ஒரு குரு. தேர்தல் விதிகள் சபைக்குச் சபை வேறுபட்டன என்றாலும், நெறியாளர் ஒப்புக்கொண்ட சிலருள் ஒருவரை உறுப்பினர் வாக்களித்துத் தேர்வது பரவலான முறையாக இருந்தது. 1584-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி இச்சபைக்குச் சட்டபூர்வமான ஏற்பளித்து, உரோமைச் சபையைத் தாய்ச் சபையாக்கினார். பெண்களுக்கு இக்கதவு திறக்க மேலும் 167 ஆண்டுகள் ஆயின; 1751-இல் பதினான்காம் பெனடிக்ட் அளித்த அனுமதியின் பேரில்தான் பெண்களின் சபைகளும் தாய்ச் சபையோடு இணைக்கப்பட்டன.

கன்னியர் மடங்களுக்கு வாக்களிப்பு புதிதன்று என்பதையும் இங்கே கருத வேண்டும். லெயுனிஸ் தம் மாணவரைக் கூட்டிய அதே 1563-ஆம் ஆண்டின் இறுதியில், திரெந்து பொதுச்சங்கம் தன் கடைசி அமர்வில், துறவற மடங்களின் தலைவர்களும் தலைவியரும் மறைவான வாக்கெடுப்பின் மூலமே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று விதித்தது. ஆகவே சென்னை மாகாணத்தில் சொத்துடைய சில பெண்களுக்குச் சட்டமன்ற வாக்குரிமை கிடைத்த 1921-க்கும், இலங்கையில் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை வந்த 1931-க்கும் பல தலைமுறைகள் முன்பிருந்தே, பள்ளிச் சுவருக்குள் வாழ்ந்த பெண்கள் சீட்டெழுதித் தலைவியைத் தேர்ந்துகொண்டிருந்தனர். இதைக் கொண்டு மடத்தைக் குடியாட்சி என்று சொல்லிவிட முடியாது. தேர்வானபின் தலைவியின் சொல்லே சட்டம். மேலும் படிப்பும் வரதட்சிணைப் பணமும் கொண்டுவந்து சேர்ந்த பாடற்குழுக் கன்னியருக்கு மட்டுமே வாக்கு இருந்தது, சமையலும் துவைப்பும் பார்த்த பணிக் கன்னியருக்கு இல்லை. தேர்தலும் கீழ்ப்படிதலும் ஒரே கூரையின் கீழ் முரணின்றி இருக்க முடியும் என்ற இந்தப் பழக்கமே பின்னர் அவர்களின் பள்ளிகளுக்கும் இயல்பாகப் படிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சு இதற்கு ஓர் உடை கொடுத்தது. 1830-இல் பாரிசின் பாக் தெரு மடத்தில் கத்தரீன் லபூரே என்னும் இளம் கன்னியர் கண்ட காட்சிகளைத் தொடர்ந்து, 'மரியாயின் பிள்ளைகள்' என்ற சங்கம் அம்மடத்தாரின் பள்ளிகளில் உருவாகி, 1847-இல் ஒன்பதாம் பயசின் ஒப்புதலைப் பெற்றது. நீல நாடாவில் கோத்த பதக்கம் அச்சங்கத்தின் அடையாளம். மதலேன் சோபி பரா 1800-இல் நிறுவிய திரு இருதய சபையின் பள்ளிகளிலும் நிற நாடாக்கள் படிநிலையைக் காட்டின. அங்கே நீல நாடா பெற்ற மூத்த மாணவியர் இளையோரை வரிசையில் அழைத்துச் செல்லவும், விளையாட்டு நேரத்தில் மேற்பார்க்கவும் பொறுப்பேற்றனர். இந்த நாடாக்கள் மதிப்பெண்ணுக்குத் தரப்பட்டவை அல்ல. நடத்தைக்கும், பிறர் தன்னை நம்பலாம் என்ற பெயருக்கும் தரப்பட்டவை, பறிக்கவும் படக்கூடியவை.

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இவ்வழக்கங்களைச் சுமந்துவந்த சபைகள் பல. குளூனி புனித சூசையப்பர் கன்னியர் 1827-இல் புதுச்சேரிக்கு வந்தனர். அயர்லாந்திலிருந்து வந்த பிரசன்டேஷன் கன்னியர் 1842-இல் சென்னைக் கருப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில், பள்ளி தொடங்கினர். திருக்குடும்பக் கன்னியர் 1862-இல் பிரான்சின் போர்தோவிலிருந்து யாழ்ப்பாணம் சேர்ந்தனர். இவற்றினின்று மாறுபட்ட ஒன்று புதுச்சேரியில் 1844-இல் தோன்றியது: தமிழ்ப் பெண்களுக்குக் கல்வி தருவதற்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு துய்ப்புய் அடிகளார் நிறுவிய மரியாயின் மாசற்ற இருதய சபை. அவ்வாண்டு புதுச்சேரியில் கூடிய மறைமாவட்டச் சங்கம் பெண்கல்வியை வற்புறுத்தியதன் பயன் அது. பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட சாதியக் குடும்பங்களின் மகளிரே அதில் முதலில் சேர்ந்தனர் என்பது அக்கால நிலைமையை நோக்கச் சிறிய செய்தியன்று.

சங்கங்கள் ஏன் இப்பள்ளிகளில் இத்துணை வேரூன்றின என்பதற்குப் பக்தியைத் தவிர மற்றொரு காரணமும் உண்டு. வரலாற்றாசிரியர் பலர் அதைப் போதிய அளவு பொருட்படுத்துவதில்லை. அது 'அடைப்பு' எனும் விதி. வாக்குத்தத்தம் கொடுத்த கன்னியர் மடத்து எல்லையைத் தாண்டலாகாது, வெளியார் உள்ளே வரலாகாது என்பதே அதன் சுருக்கம். 1298-இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் பொது விதியாக்கிய இதனைத் திரெந்து சங்கம் மீண்டும் உறுதிசெய்தது. அடைப்பை ஏற்காமல், இயேசு சபையாரைப் போல வெளியே சென்று பணியாற்ற முயன்ற ஆங்கிலப் பெண்மணி மேரி வார்டின் சபை 1631-இல் திருத்தந்தை எட்டாம் உர்பனால் கலைக்கப்பட்டது. அவரும் மியூனிக்கில் சிறை வைக்கப்பட்டார். கார்க் நகரின் சந்துகளில் இரவில் விளக்கேந்திச் சென்று ஏழையரைத் தேடிய நானோ நாகிள் 1775-இல் தொடங்கிய குழுவும், அவர் மறைந்து இருபத்தோரு ஆண்டுகளுக்குப்பின், 1805-இல் அடைப்புக்குட்பட்ட பிரசன்டேஷன் சபையாக மாறியது. சென்னைக்கு வந்தவர்கள் அந்த மாற்றத்துக்குப் பிற்பட்டவர்கள். தெருவில் இறங்கி வீடு வீடாகச் செல்வது அவர்களின் நிறுவுநருக்கு அன்றாட வேலை, அவர்களுக்கோ விதிவிலக்கு.

ஏழையரைச் சந்திப்பது அறம் என்று கற்பிக்க வேண்டும், ஆனால் கற்பிப்பவர் போகக் கூடாது. இந்த இக்கட்டுக்குச் சங்கம் ஒரு தீர்வாயிற்று. மடத்தின் வாயிலுக்கு அப்பால் கன்னியரின் கால்களாக மாணவியர் நடந்தனர்.

இதன் மிகத் தெளிவான சான்று கல்கத்தாவில் கிடைக்கிறது. மேரி வார்டின் மரபில் அயர்லாந்தில் தெரசா பால் மீண்டும் தழைக்கச் செய்த லொரேட்டோ கன்னியர் 1841-இன் இறுதியில் கல்கத்தா வந்தனர். அவர்களின் எண்டாலி வளாகத்தில் வங்காள மொழியில் நடந்த புனித மேரி பள்ளியில் 1930-களிலும் 40-களிலும் ஆசிரியையாகவும் பின்பு தலைமை ஆசிரியையாகவும் இருந்தவர் அன்னை தெரசா. தம் சொந்த ஊரான ஸ்கோப்யேவில் சிறுமியாக இருந்தபோது அவரும் ஒரு மாதா சபையின் உறுப்பினரே. எண்டாலிப் பள்ளியின் மாதா சபையை வழிநடத்தியவர் பெல்ஜிய இயேசு சபைக் குருவான ஜூலியன் ஹென்றி. வாரக் கூட்டம் முடிந்தபின் சபையின் ஒரு பிரிவினர் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவமனையில் நோயாளியரைப் பார்க்கச் சென்றனர். மற்றொரு பிரிவினர் பள்ளிச் சுவரை ஒட்டிக் கிடந்த மோதிஜீல் சேரிக்குச் சென்றனர். திரும்பிவந்து, அங்கே கண்டதை ஆசிரியையிடம் சொன்னார்கள். லொரேட்டோ விதிப்படி அந்த ஆசிரியை அவர்களோடு போக முடியாது. 1948 ஆகஸ்டில் அவர் தனி அனுமதி பெற்று மடத்தை விட்டு வெளியேறி, அவ்வாண்டு டிசம்பரில் மோதிஜீலில் பணி தொடங்கியபோது, மாணவியர் முன்னே நடந்த தடத்தில்தான் ஆசிரியை பின்னே நடந்தார் என்று கூறுவது மிகையாகாது. 1949 மார்ச் 19 அன்று முதலாவதாக அவரிடம் வந்து சேர்ந்த சுபாசினி தாஸ் அவருடைய பழைய மாணவி. அடுத்து வந்தவர்களிலும் எண்டாலியில் பயின்றோர் மிகுதி. அன்னை தெரசா நிறுவிய அன்பின் பணியாளர் சபையின் தோற்றத்தை ஒரு தனி மனிதரின் அழைப்பாக மட்டும் எழுதுவோர், ஒரு பள்ளிச் சங்கம் அதற்குப் பல ஆண்டுகளாக ஆள் பழக்கிவைத்திருந்ததை விட்டுவிடுகின்றனர்.

இதே காலத்தில் பள்ளிகளின் முன்புறத்தில் வேறு வகைத் தலைமை வளர்ந்துகொண்டிருந்தது. 1828 முதல் ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த தாமஸ் ஆர்னால்டு, மேல்வகுப்பு மாணவரிடம் ஒழுங்குக் காவலை ஒப்படைத்த முறை, அந்நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தின் பெண்கள் பள்ளிகளுக்கும் பரவி, மாணவியரை அணிகளாகப் பிரித்துப் போட்டியிடச் செய்யும் ஏற்பாட்டோடு சேர்ந்து குடியேற்ற நாடுகளுக்கு வந்தது. கன்னியர் இதை ஏற்றுக்கொண்ட விதத்தில் ஒரு சாமர்த்தியம் இருந்தது: அணிகளுக்குப் புனிதரின் பெயரையோ தம் சபை நிறுவுநரின் பெயரையோ சூட்டினர். போட்டி மனப்பான்மை ஆணவத்தை வளர்க்கும் என்று ஐயுற்ற மரபினர் அவர்கள். புனிதரின் பெயரால் ஓடினால் அந்த ஐயம் சற்றுத் தணிந்திருக்கக்கூடும். இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் இல்லம் என்றும், தமிழ்நாட்டில் அணி என்றும் இன்று வழங்குவது இதுவே.

மாதா சபைத் தலைவிக்கும் இப்புதிய பள்ளித் தலைவிக்கும் இருந்த வேறுபாடு கவனிக்கத் தக்கது. முன்னவள் தன் சபையினரின் வாக்கால் வந்து, அவர்களுக்குள் மட்டும் அதிகாரம் உடையவள். பின்னவள் பெரும்பாலும் தலைமைக் கன்னியரின் நியமனத்தால் வந்து, பள்ளி முழுவதையும் வரிசையில் நிறுத்தும் அதிகாரம் பெற்றவள். குடியாட்சி முறை கோயிலை ஒட்டியும், நியமன முறை மைதானத்தை ஒட்டியும் வளர்ந்தது வழக்கமான எதிர்பார்ப்புக்கு மாறானது.

பெண் சாரணியர் இயக்கம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பிரிட்டனில் 1910-இல் தோன்றி, 1911-இல் ஜபல்பூரிலும் 1917-இல் கண்டியிலும் முதற்படைகள் அமைந்த அவ்வியக்கம், இந்தியாவில் தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுமியரையே சேர்த்தது. ஆறேழு பேர் கொண்ட சிறுகுழு, அதற்கு அவர்களுள் ஒரு தலைவி, குழுத் தலைவியர் கூடித் திட்டமிடும் அவை என்பது அதன் கட்டமைப்பு. எச்சமயத்தவரும் 'கடவுளுக்குரிய கடமை' என ஒரே வாக்குறுதி கூறுவதைக் கத்தோலிக்க ஆயர் பலர் முதலில் ஐயத்தோடு நோக்கினர். தென்னிந்திய, இலங்கைக் கன்னியர் பள்ளிகளுக்கோ அந்தப் பொதுத்தன்மையே பின்னர் வசதியாயிற்று.

ஏனெனில் இப்பள்ளிகளில் படித்தவருள் கத்தோலிக்கர் அல்லாதோர் தொகை பெருகிக்கொண்டே வந்தது. கத்தோலிக்க மாணவியர் ஞானோபதேச வகுப்புக்குச் செல்லும் அதே மணி நேரத்தில் இந்து, முஸ்லிம் மாணவியர் நன்னெறி வகுப்பில் அமர்ந்தனர். மாதா சபையின் பதவிகள் அவர்களுக்கு எட்டாதவை. வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் எந்தப் பொறுப்புக்கும் வர இயலாத பள்ளியில் ஒழுங்கை நிலைநாட்டுவது கடினம் என்பதால், தலைமை என்பது சிற்றாலயத்தை விட்டுக் காலை வழிபாட்டுத் திடலுக்கு இடம் பெயர்ந்தது. இலக்கிய மன்றம், நாடகக் குழு, சமூகசேவைச் சங்கம், இளையோர் செஞ்சிலுவை ஆகியவை பெருகியதற்குப் புதிய கல்விக் கொள்கைகளைவிட இந்த மாணவியர் தொகை மாற்றமே முதற்காரணம் என்று கருத இடமுண்டு.

கத்தோலிக்க மாணவியருக்கு மட்டுமான சங்கங்களும் இக்காலத்தில் புது உருவம் கொண்டன. 1921-இல் டப்ளின் நகரில் ஃபிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனை அவற்றுள் மிகக் கண்டிப்பானது. பழைய உரோமைப் படையின் அமைப்பைப் பின்பற்றி, அடிப்படைக் குழு பிரசீடியம் என்றும், அதற்கு மேலுள்ளது கூரியா என்றும் பெயர் பெற்றன. அதன் வாரக் கூட்டம் உலகெங்கும் ஒரே வடிவம் கொண்டது. வெள்ளைத் துணி விரித்த மேசையில் மாதா சுரூபம், அதன் இருபுறமும் பூச்சாடிகள், எரியும் மெழுகுதிரிகள், முன்னால் சேனையின் சிறு கொடி. செபமாலை முடிந்ததும் ஞான வாசகம்; பின் செயலர் சென்ற வார நடவடிக்கைக் குறிப்பைப் படிக்க, தலைவி கையெழுத்திடுவாள். அதன்பின் ஒவ்வொருத்தியும் எழுந்து, தனக்குக் குறிக்கப்பட்ட வேலையை எந்த அளவில் செய்தாள் என்று வாய்மொழியாக ஒப்பிக்க வேண்டும். வேலைக்குத் தனியே போகலாகாது, இருவராகவே போக வேண்டும்; சந்திக்கும் ஏழைக்குச் சேனையின் பெயரால் பொருளுதவி செய்யலாகாது. காணிக்கைப் பை எல்லார் கையிலும் சுற்றிவரும். காசு இல்லாதவளும் பைக்குள் கையை விட்டு எடுப்பாள், யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. விடுதியில் தங்கிக் கட்டணம் செலுத்திய மாணவியும், அன்பு இல்லத்தில் வளர்ந்து இலவசமாகப் படித்த மாணவியும் ஒரே மேசையில் அமர்ந்த இடங்களில் அந்தப் பையின் பயன் சிறிதன்று. பள்ளி வயதினரின் பிரசீடியத்துக்குத் தலைமை வகிப்பவர் பொதுவாக வயதுவந்த ஒருவர். ஆயினும் செயலரும் பொருளரும் மாணவியராக இருந்தனர். பதினான்கு வயதில் வாரம் தவறாமல் குறிப்பெழுதியவளுக்கு, பிற்காலத்தில் மாதர் சங்கத்திலோ ஆசிரியர் சங்கத்திலோ அதே வேலை வந்தபோது கை நடுங்கியிருக்காது.

விடுதலைக்குப்பின் அரசும் இத்துறையில் அக்கறை காட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, குடியாட்சிக்குரிய குடிமக்களை உருவாக்குவதையும் தலைமைப் பண்பை வளர்ப்பதையும் கல்வியின் நோக்கங்களாகக் குறித்தது. பள்ளித் தலைவியை வாக்கெடுப்பால் தேர்வதும், கல்வி அமைச்சர், சுகாதார அமைச்சர் எனப் பதவி பிரித்து அமைச்சரவை அமைப்பதும் இவ்வகைச் சிந்தனையின் விளைவுகள். கன்னியர் பள்ளிகள் இவற்றை ஏற்றபோது, போட்டியிடத் தக்கவர் பட்டியலைத் தயாரிக்கும் உரிமையை ஆசிரியர் அறையிலேயே வைத்துக்கொண்டன. கடைசி வாக்கு மாணவியரிடம், முதல் சல்லடை நிருவாகத்திடம் என்னும் இம்முறையைப் போலிக் குடியாட்சி என்று ஒதுக்குவோர் உண்டு. நாட்டுத் தேர்தல்களிலும் வேட்பாளரைக் கட்சித் தலைமையே முடிவு செய்வதை நினைத்தால் அக்குறையைக் கன்னியர் மீது மட்டும் சுமத்துவது பொருந்தாது.

1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் பழைய ஏற்பாட்டின் அடித்தளத்தையே மாற்றியது. துறவற சபைகள் தம் நிறுவுநரின் தொடக்க நோக்கத்துக்குத் திரும்ப வேண்டும் எனச் சங்கம் கேட்டுக்கொண்டதை அடுத்து, பள்ளி நடத்திய சபைகளில் அடைப்பு தளர்ந்தது. பணிக் கன்னியர் என்ற பிரிவு மறைந்தது. கன்னியரே குடிசைப் பகுதிகளுக்கு நேராகச் செல்லத் தொடங்கியபின், அவர்களுக்காக நடக்க மாணவியர் தேவைப்படவில்லை. 1967-இல் மாதா சபை உலக அளவில் 'கிறிஸ்தவ வாழ்வுச் சமூகம்' எனப் பெயரும் விதியும் மாறி, பெரியோருக்கான சிறு குழுக்களாக ஒடுங்கியது. பள்ளிகளில் அது விட்ட இடத்தை ஓரளவு நிரப்பியது இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம். பெல்ஜியத்தின் யோசேப்பு கார்டைன் தொழிலாளர் இளைஞருக்கென வகுத்த 'பார், ஆராய், செயல்படு' என்ற முறையே அதன் வழி. மாதா சபை நோயாளிக்கு ஆறுதல் கூறச் சொன்னது. இவ்வியக்கம் அவர் நோயுற்றதற்குக் குடிநீரா, கூலியா, குடியிருப்பா எது காரணம் என்று கேட்கச் சொன்னது. அக்கேள்வி எல்லா நிருவாகங்களுக்கும் உவப்பாக இருந்ததில்லை.

இலங்கையில் மாற்றம் வேறு திசையிலிருந்து, அதுவும் சற்று முன்னதாகவே வந்தது. 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோது, பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுக்குள் புகுந்து தங்கிப் போராடினர். எனினும் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசுவசமாயின, கொழும்பிலும் பிற நகரங்களிலும் இருந்த சில மட்டும் தனியார் பள்ளிகளாக நின்றன. அரசிடம் சென்ற பள்ளிகளில் இல்லங்களும் மாணவ முதல்வர் பதவியும் சாரணியர் குழுவும் எந்தத் தடையுமின்றித் தொடர்ந்தன, ஏனெனில் நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் அவை பொதுவானவை. குருவையும் கன்னியரையும் சார்ந்திருந்த பக்திச் சபைகளோ பங்குக் கோயிலை நாடின. தனியாராக நின்ற பள்ளிகளுக்கு வேறொரு நெருக்கடி: அரசின் மானியம் நின்றது, கட்டணம் வாங்கவும் தடை இருந்தது. நன்கொடை திரட்டியும் விற்பனை விழா நடத்தியும் ஆசிரியர் சம்பளத்துக்கு வழி தேட வேண்டிய அந்த ஆண்டுகளில் கன்னியருக்குத் தோள்கொடுத்தவர்களுள், பெற்றோரோடு பழைய மாணவியர் சங்கத்தினரும் இருந்தனர்.